வானத்தில் வேலி

காணிக்கு வேலி உண்டு. கடலுக்கும் கரையிலிருந்து இத்தனை மைல் என்று எல்லை வகுத்துவிட்டார்கள். வானத்தில் மட்டும் வேலியடைக்க ஒருவராலும் இயலாது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. வானொலியின் வரலாறும் அவ்வெண்ணத்தை உறுதிப்படுத்தியது. 1952ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கத் தொடங்கிய காலை, பாரத நாட்டு நேயர்கள் பெருந்தொகையினர் தம் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பிக்கொண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சிக்குக் கொழும்பிலிருந்து சென்ற அலையே வாகனம். கேட்டவர்கள் கொழும்புக்கு ஒரு சதமும் கட்டவில்லை. பற்பசை விற்ற கொம்பனி செலவைப் பார்த்துக்கொண்டது. டில்லியில் இருந்த மந்திரிக்கு அப்பாடல்கள் பிடிக்கவில்லை. ஆயினும் அலையைத் தடுக்க அவரிடம் வேலி இருக்கவில்லை.

இன்றோ வேலி இருக்கின்றது. மாதந்தோறும் தவறாது சந்தா கட்டி, இணையத்தின் வழியே தொலைக்காட்சி காணும் ஒருவர் அயல் நாடொன்றிற்குச் சென்றதும், நேற்று வரை பார்த்த நாடகத்தைக் காணாமல் மயங்குகின்றார். அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவரோ, பணம் கையில் இருந்தும், பக்கத்து நாட்டின் நிகழ்ச்சியை வாங்க இயலாதிருக்கின்றார். பணம் கொடாதவனை வாயிலில் நிறுத்துவது உலக வழக்கு. பணத்தை நீட்டுபவனை ‘உனக்கு விற்பதில்லை’ என்று திருப்பி அனுப்புவது எவ்வகை வியாபாரம்? இவ்வழக்கம் தோன்றி வளர்ந்த வரலாற்றை அறிய விரும்புவோர் ஐரோப்பாவை நோக்குதல் வேண்டும். இன்று 27 நாடுகள் ஒரே சந்தையாக இணைந்து, வெண்ணெயும் மோட்டார் வண்டியும் தடையின்றி எல்லை கடக்கும் அக்கண்டத்திலே, திரைப்படம் மட்டும் எல்லைக் கடவையில் நிறுத்தப்படுகின்றது. ஏன் என்ற கேள்வி அங்கே ஐம்பது ஆண்டுகளாக நீதிமன்றம் ஏறி இறங்குகின்றது.

முதல் வழக்கு ஒரு கசாப்புக்காரனைப் பற்றிய படத்தினால் எழுந்தது. குளோட் சாப்ரோல் என்னும் பிரெஞ்சு இயக்குநர் எடுத்த ‘லெ பூஷே’ என்ற படத்தைப் பெல்ஜியத்தில் ஏழாண்டுகளுக்குக் காட்டும் தனியுரிமையைச் சினே வொக் என்னும் கொம்பனி 1969இல் வாங்கியிருந்தது. கொட்டகையில் முதன்முதல் காட்டி நாற்பது மாதங்கள் செல்லும்வரை பெல்ஜியத் தொலைக்காட்சியில் அதைக் காட்டலாகாது என்பதும் உடன்படிக்கையின் ஒரு நிபந்தனை. படம் 1970 மே மாதம் பிரசெல்ஸ் நகரிலே திரைக்கு வந்தது. எட்டு மாதம் ஆவதற்குள், 1971 ஜனவரி 5ஆந் தேதி, ஜேர்மன் தொலைக்காட்சி தான் முறையாகப் பெற்ற உரிமையின்படி அப்படத்தை ஜேர்மன் மொழியில் ஒளிபரப்பியது. பெல்ஜியத்தின் கொடிட்டல் என்னும் கேபிள் கொம்பனி அவ்வலையை வானிலிருந்து பிடித்து, கம்பி வழியே தன் சந்தாக்காரரின் வீடுகளுக்கு அனுப்பிவிட்டது. சினே வொக் வழக்குத் தொடர்ந்தது. லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1980 மார்ச்சில் அதன் பக்கமே தீர்ப்புக் கூறிற்று.

அத்தீர்ப்பிலே கூறப்பட்ட காரணம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. புத்தகத்தை ஒருமுறை விற்றால் விற்றதுதான்; திரைப்படமோ எண்ணிறந்த முறை காட்டப்படுவது, ஒவ்வொரு காட்சிக்கும் கூலி கேட்க உரிமையாளனுக்கு நியாயம் உண்டு என்றனர் நீதிபதிகள். இஃது ஏற்கக்கூடியதே. அக்காலத்தில் ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றில் தொலைக்காட்சி சட்டப்படி ஏகபோகமாக, நாட்டுக்கு நாடு தனித்தனியே அமைந்திருந்தது. ஆதலின் உரிமையின் எல்லையும் நாட்டின் எல்லையும் ஒன்றாயிருத்தல் தவிர்க்கவொண்ணாதது என்பது அவர்தம் இரண்டாவது காரணம். அவ்வேகபோகங்கள் பின்பு ஒவ்வொன்றாய் மறைந்தன. அவற்றைக் காட்டி நிறுத்திய எல்லை மட்டும் மறையவில்லை. கொட்டிலைக் கழற்றிய பின்பும் கப்பு நிற்பது போல அது நின்றது.

1989 ஒக்டோபரில் ‘எல்லைகளற்ற தொலைக்காட்சி’ என்ற கவர்ச்சியான பெயருடன் ஒரு சட்டம் வந்தது. ஓர் உறுப்பு நாட்டில் முறைப்படி ஒளிபரப்பானதை மற்றோர் உறுப்பு நாட்டின் அரசு பொதுவாகத் தடுத்தலாகாது என்றது அது. தனியார் உடன்படிக்கை தடுக்கலாமா என்பது பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை.

வாய் திறவாத அவ்விடத்திலேதான் பொறியியலாளர் நுழைந்தனர். 1996ஆம் ஆண்டு இறுதியில் யப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி. என்னும் தட்டு, உலகத்தை வலயங்களாகக் கூறுபோட்டது. அமெரிக்காவும் கனடாவும் முதலாம் வலயம். மேற்கு ஐரோப்பாவும் யப்பானும் இரண்டாம் வலயம். இலங்கை, இந்தியா, ருஷியா முதலியன ஐந்தாம் வலயம். நம்மையும் சைபீரியாவையும் ஒரே வலயத்திற் சேர்த்த பூகோள சாஸ்திரம் எந்தப் பள்ளிக்கூடத்திற் படித்ததோ அறியோம்! ஒரு வலயத்தின் தட்டு வேறொரு வலயத்தின் கருவியில் ஓடாது. அமெரிக்கக் கொட்டகையில் ஓடி முடிந்த படம் பிற நாட்டுக் கொட்டகைக்கு வருமுன் அதன் தட்டு அங்கே வந்துவிடலாகாது என்பதே நோக்கம். உடன்படிக்கையில் எழுதியிருந்த எல்லைக்கோடு இவ்வாறு கருவியின் உள்ளேயே கீறப்பட்டது.

இனி, ஒரு பெண்மணியின் வழக்கைச் சற்று விரிவாகக் கூறவேண்டும்.

இங்கிலாந்தின் துறைமுகப் பட்டினமாகிய போட்ஸ்மத்தில் கரென் மேர்பி என்பவர் ஒரு தவறணை நடத்தி வந்தார். அந்நாட்டுத் தவறணைகளிலே உதைபந்தாட்டம் காட்டாவிட்டால் ஆள் வராது. ஆட்டத்தைக் காட்டும் உரிமை பெற்ற ஸ்கை நிறுவனம் தவறணைக்காரரிடம் மாதமொன்றுக்குச் சுமார் 700 பவுண் கேட்டது. கிரேக்க நாட்டின் நோவா என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் அட்டையோ, அதே ஆட்டங்களை ஆண்டொன்றுக்குச் சுமார் 800 பவுணுக்குத் தந்தது. அம்மையார் கிரேக்க அட்டையை வாங்கிப் பெட்டியில் மாட்டினார். வர்ணனை கிரேக்க மொழியில் வந்தால் என்ன, பந்து ஒரே பந்துதானே! இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகலில் ஆட்டங்களை நேரே ஒளிபரப்புவதில்லை. சிறு கழகங்களின் மைதானங்கள் வெறுமையாகிவிடும் என்ற அச்சத்தால் 1960ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட வழக்கம் அது. கிரேக்க அட்டைக்கு அத்தடையும் இல்லை.

ஆயின் அவ்வட்டையைக் கிரேக்க நாட்டிற்கு வெளியே விற்றலாகாது என்பது, நோவா நிறுவனத்துக்கும் உதைபந்தாட்டச் சங்கத்துக்கும் இடையே இருந்த உடன்படிக்கை. அம்மையார் மீது குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. 2007இல் நீதவான் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. தண்டமும் வழக்குச் செலவுமாக ஏறக்குறைய 8,000 பவுண் அவர் தலையில் விழுந்தது. ‘தவறணைக்காரி ஒருத்தி, போனால் போகட்டும்’ என்று அவர் விட்டிருந்தால் இவ்வரலாறு இத்துடன் முடிந்திருக்கும். அவர் விடவில்லை. வழக்கு லக்சம்பேர்க் வரை சென்றது.

2011 ஒக்டோபர் 4ஆந் தேதி வந்த தீர்ப்பிலே பழைய கசாப்புக்காரன் வழக்கும் எடுத்துப் பேசப்பட்டது. அன்று கேபிள் கொம்பனி உரிமையாளனுக்கு ஒன்றும் கொடாமலே படத்தைப் பரப்பியது. இன்றோ கிரேக்க நிறுவனம் சங்கத்துக்கு விலை கொடுத்திருக்கின்றது, அட்டை வாங்கியவர் அந்நிறுவனத்துக்குச் சந்தா கொடுத்திருக்கின்றார். இரண்டும் ஒன்றல்ல என்று நீதிபதிகள் பிரித்துக் காட்டினர். உரிமையாளனுக்குத் தகுந்த ஊதியம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியே அடைத்து வைத்துக் கறக்கக்கூடிய அதிகபட்ச ஊதியத்தையும் சட்டம் காத்துத் தரவேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. பொய் முகவரி கொடுத்து அட்டை பெறப்பட்டிருந்தாலும் முடிவு மாறாது என்றுங்கூடக் கூறினர். 2012 பெப்ரவரியில் இலண்டன் உயர் நீதிமன்றம் அம்மையாரின் குற்றத் தீர்ப்பை இரத்துச் செய்தது.

ஆயினும் இவ்வெற்றியில் ஒரு குறை இருந்தது. உதைபந்தாட்டம் எவரும் ‘படைத்த’ பொருள் அன்று, எனவே அதற்குப் பதிப்புரிமை இல்லை என்ற அதே நீதிமன்றம், ஒளிபரப்பின் தொடக்கத்தில் வரும் முகப்புப் படம், இசை, எழுத்துக்கள் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு என்றும், அவற்றைத் தவறணையிற் காட்ட அனுமதி வேண்டும் என்றும் கூறிவிட்டது. முன்வாயில் திறந்தது, படலையில் புதுப் பூட்டு விழுந்தது.

அட்டையும் தட்டும் பழங்கதையாகுமுன்பே இணையம் வந்துவிட்டது. 2007 ஜனவரியில் அமெரிக்காவில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் இணையவழிப் படக்காட்சியைத் தொடங்கியது. இதில் எல்லை காப்பது எளிது. இணையத்திற் சேரும் ஒவ்வொரு இணைப்பிற்கும் ஓர் இலக்க முகவரி உண்டு. அவ்விலக்கங்களைத் தொகுதி தொகுதியாகப் பங்கிடும் நிலையம் ஐரோப்பாவிற்கு அம்ஸ்டர்டாமிலும், நம் பகுதிக்கு அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் இருக்கின்றது. எந்தத் தொகுதி எந்த நாட்டுக்குப் போயிற்று என்ற பதிவேட்டைப் புரட்டினால், பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பது ஓரளவு தெரிந்துவிடும். இதைத் தாண்ட வி.பி.என். என்னும் சுரங்கவழியைக் கண்டனர். வேறொரு நாட்டின் கணினி வழியே சுற்றிச் சென்றால் அந்நாட்டின் முகவரியே தோன்றும்.

2016 ஜனவரி 6ஆந் தேதி, நெட்பிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் ஒரே நாளில் இன்னும் 130 நாடுகளுக்குத் தம் சேவையைத் திறந்துவிட்டதாக அறிவித்தார். இலங்கையும் அவற்றுள் ஒன்று. உலகம் ஒன்றாயிற்று என்று பலர் மகிழ்ந்தனர். எட்டாம் நாள் அதே நிறுவனம், சுரங்கவழியில் வருவோரை இனித் தடுப்போம் என்றும் அறிவித்தது. இதிற் கபடம் உண்டு என்று சொல்ல நாம் துணியோம். உலகம் முழுதுக்கும் ஒரே உரிமை வாங்குவதே அந்நிறுவனத்தின் விருப்பம். ஆயினும் படக்காரர் நாடு நாடாகவே விற்றனர். ‘ஹவுஸ் ஒவ் கார்ட்ஸ்’ என்னும் தன் புகழ்பெற்ற தொடரையே, 2014இல் பிரான்சில் கடை திறந்தபோது அந்நிறுவனத்தால் அங்கே காட்ட முடியவில்லை. அந்நாட்டு உரிமை முன்பே கனால் பிளஸ் என்ற நிறுவனத்துக்குப் போயிருந்தது. தன் வீட்டுக் கிணற்றில் தானே தண்ணீர் அள்ள முடியாத நிலை!

படக்காரரின் பக்கத்தையும் கேட்டல் முறை. டென்மார்க்கிலோ பெல்ஜியத்திலோ ஒருவர் படம் எடுக்க முனைந்தால், எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு நாட்டின் விநியோகஸ்தருக்கும் உரிமையை விற்று, அப்பத்திரங்களை வங்கியிற் காட்டிக் கடன் பெறுகின்றார். ஒரு நாட்டில் வாங்கிய உரிமை எல்லா நாட்டிற்கும் செல்லும் என்றால், ஏனைய நாட்டார் ஏன் வாங்குவர்? உலகம் முழுவதையும் ஒரே கையால் வாங்கக்கூடிய பெருங் கொம்பனி ஒன்றே மிஞ்சும். சிறுமொழிப் படங்கள் அதன் தயவில் வாழவேண்டி வரும். இவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்தல் தகாது. ஆயினும், விற்பவரே இல்லாத நாட்டில் வாங்க வருபவரைத் தடுப்பதால் எந்தத் தயாரிப்பாளருக்கு என்ன இலாபம் என்று இன்னும் எவரும் நமக்கு விளங்கச் சொல்லவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி எடுத்தது. 2018 ஏப்பிரல் 1ஆந் தேதி முதல், பணம் கட்டிய சந்தாக்காரர் வேறோர் உறுப்பு நாட்டில் தற்காலிகமாகத் தங்கும்போது, தம் ஊரில் காண்பதையே அங்கும் காணலாம் என்று விதி வந்தது. பிரித்தானியர் ஒன்றியத்தை விட்டு விலகியதால் 2021 ஜனவரி முதல் இவ்வுரிமையை இழந்தனர். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மற்றொரு விதி, வாடிக்கையாளரின் நாட்டைப் பார்த்துக் கடைக்காரர் இணையத்திற் கதவடைத்தலாகாது என்றது. ஆனால் திரைப்படமும் தொலைக்காட்சியும் அதனின்றும் விலக்கப்பட்டன. 2023இல் அவ்வேற்பாடு மீண்டும் ஆராயப்பட்டபோதும், ஐரோப்பியப் பாராளுமன்றம் அவ்விலக்கு நீடிக்கவேண்டும் என்றே வாக்களித்தது. ஆகவே பிரயாணி தம் சந்தாவைக் கையோடு கொண்டுசெல்லலாம். இருந்த இடத்தில் இருப்பவர் பக்கத்து நாட்டிலிருந்து அதை விலைக்கு வாங்க இயலாது.

இதனால் மிகவும் துன்பப்படுவோர் யார்? விடுமுறைக்குச் செல்லும் செல்வர் அல்லர். எல்லைக்கோடு ஒருபுறமும் தாய்மொழி மறுபுறமுமாய் அமைந்துவிட்ட சிறுபான்மை மக்களே. 1920இல் நடந்த வாக்கெடுப்பின்படி ஜேர்மனிக்கும் டென்மார்க்குக்கும் இடையே எல்லை வகுக்கப்பட்டபோது, தெற்கே டேனிய மொழியினரும் வடக்கே ஜேர்மன் மொழியினரும் பிறநாட்டுப் பிரசைகளாய் நின்றனர். இத்தாலியின் தென் டிரோல் மலைநாட்டில் ஜேர்மன் பேசுவோரும், ஸ்லொவாக்கியாவிலும் ருமேனியாவிலும் ஹங்கேரிய மொழி பேசுவோரும் அத்தகையோரே. எல்லையோர வீட்டின் கூரையிலே அயல்நாட்டு அலை தானாக வந்து விழும்; இணையத்தில் வருவதோ முகவரி கேட்டு நிற்கும். குழந்தைக்குத் தாய்மொழியில் ஒரு கதை காட்டப் பணம் கொடுக்க ஆயத்தமாயுள்ள பெற்றோரும் அம்முகவரியைச் சொல்ல இயலாது.

டேனிய எல்லையருகே பிளென்ஸ்பேர்க் நகரில் செயலகம் கொண்ட ஐரோப்பியச் சிறுபான்மையோர் சம்மேளனம், மொழி உரிமைகள் பலவற்றோடு இதனையும் சேர்த்துக் கேட்டு 2017, 2018ஆம் ஆண்டுகளில் 11 இலட்சத்திற்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டிற்று. 2020 டிசம்பரில் ஐரோப்பியப் பாராளுமன்றம் அக்கோரிக்கையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த மாதமே, 2021 ஜனவரி 14ஆந் தேதி, ஐரோப்பிய ஆணைக்குழு, உள்ள சட்டங்களே போதும், புதுச் சட்டம் வேண்டியதில்லை என்று விடையளித்தது. கையொப்பம் திரட்டியோர் லக்சம்பேர்க்குக்குச் சென்றனர். 2022 நவம்பரில் அங்குள்ள பொது நீதிமன்றம், ஆணைக்குழுவின் விடை செல்லும் என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது.