எள்ளும் பனையும்: நரிக்குடிச் சீமையில் செக்கு

எள்ளின் நெய்தான் எண்ணெய். எள், நெய் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்த பெயர் அது. தேங்காயும் கடலையும் கடைசியில் மண்ணெண்ணெயும் அந்தப் பெயரை இரவல் வாங்கிக்கொண்டபோது, மூத்த எண்ணெயைப் பிரித்துச் சொல்ல ‘நல்ல’ என்ற அடை தேவைப்பட்டது. அப்படி வந்ததே நல்லெண்ணெய்.

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாறும் கிருதுமால் நதியும் மழை கண்டால்தான் ஓடும். கண்மாய்த் தண்ணீர் எட்டிய வயலில் நெல், எட்டாத புஞ்சையில் மிளகாய், மல்லி, பருத்தி, எள் என்பது இங்குள்ள ஏற்பாடு. வரப்பிலும் கண்மாய்க்கரையிலும் பனை. எள்ளுக்கு மூன்று மாதமும் இரண்டு மூன்று நல்ல மழையும் போதும். பனைக்கு அதுகூட வேண்டாம். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஒரே குடும்பத்தின் தோட்டத்தில் திராட்சையும் ஆலிவும் சேர்ந்து நிற்பதைப் போல, இந்தச் சீமையில் பனையும் எள்ளும் ஒரே நிலத்தின் விளைச்சல்.

ஆனால் அங்கே எண்ணெய் குடும்பத்தின் தொழிலாக இருக்க, இங்கே ஊரின் தொழிலானது. காரணம் விதையில் இருக்கிறது. ஆலிவ் ஒரு பழம். பறித்து நாள் தள்ளினால் புளித்து அமிலம் ஏறும். எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்ற முதல் தரத்துக்கு அமிலம் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே ஆலை தோட்டத்தின் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். எள் காய்ந்த விதை. அறுத்த செடியை மூன்று நாள் போராக அடுக்கி, பிறகு வெயிலில் காயவைத்து உதறி, புடைத்துக் குதிரில் கொட்டிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. வேண்டும்போது வேண்டிய அளவு ஆட்டிக்கொள்ளலாம். ஊருக்கு ஒன்றிரண்டு செக்கு போதுமானதால், அதை நடத்துவதற்கென்றே வாணியர் என்ற தொழிற்சமூகம் உருவானது.

இந்தத் தொழிலின் தடம் கல்லில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. செக்கு வைத்திருப்போர் செலுத்திய வரி இடைக்காலக் கல்வெட்டுகளில் செக்கிறை எனப்படுகிறது. எண்ணெய் வணிகர்கள் சங்கரபாடியார் என்ற பெயரில் சோழர் கல்வெட்டுகளில் வருகிறார்கள். கோயிலுக்கும் ஊருக்கும் கல் செக்கைத் தானமாகச் செய்து, உரலின் விளிம்பிலேயே கொடுத்தவர் பெயரைப் பொறிக்கும் வழக்கமும் இருந்தது. அப்படிப்பட்ட செக்குக் கல்வெட்டுகள் தென் மாவட்டங்களில் பல இடங்களில் கிடைத்துள்ளன. வயலோரம் கவிழ்ந்து கிடக்கும் பழைய செக்குரலைச் சுற்றிப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு.

ஆலிவ் எண்ணெய்கூடத் தமிழ்க் கரைக்கு ஒருகாலத்தில் வந்ததுதான். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய ஆம்போரா சாடிகளில் மது கொண்டுவந்தவையும் உண்டு, ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்தவையும் உண்டு. வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் 1986 முதல் நடந்த அகழாய்வுகளிலும் ஆம்போரா ஓடுகள் வெளிப்பட்டன. ஆனால் அந்த எண்ணெய் உள்நாட்டில் வேர்பிடிக்கவில்லை. எள் இந்தியத் துணைக்கண்டத்திலேயே பயிராக்கப்பட்ட செடி. ஹரப்பாவிலேயே கருகிய எள் கிடைத்திருக்கிறது. விளக்கு, சமையல், தலைமுழுக்கு, மருந்து என எல்லா இடத்தையும் அது முன்பே பிடித்திருந்தது.

செக்கின் அமைப்பு எளிது. தரையில் ஆழப் பதித்த உரல், அதில் சாய்ந்து நிற்கும் உலக்கை, உலக்கையின் தலையோடு பிணைத்த நீண்ட பலகை, பலகையின் மேல் பாரக் கற்கள், பலகையை இழுத்துச் சுற்றும் மாடு. சுற்றச் சுற்றத் தலை கிறுகிறுக்காமலிருக்க மாட்டின் கண்ணைக் கட்டுவார்கள். வாகை மரத்துக்கு இந்த வேலையில் தனி மதிப்பு. பத்து, பன்னிரண்டு கிலோ எள்ளை ஒரு தடவை ஆட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகலாம். இது எவ்வளவு கொடிய உழைப்பு என்பதைத் தமிழ்நாடு வ.உ. சிதம்பரனார் வழியாக அறியும்: 1908இல் தண்டனை பெற்ற அவரைக் கோவைச் சிறையில் மாட்டின் இடத்தில் பூட்டினார்கள்.

பனை இங்கேதான் எள்ளோடு கூடுகிறது. எள் நசுங்கி மாவான பதத்தில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். கருப்பட்டிப் பாகு சக்கையை இறுக்கிப் பிடிக்கும். பிண்ணாக்கு உரலின் சுவரில் ஒட்டிக்கொள்ள, எண்ணெய் நடுவில் தேங்கும். எள்ளின் மெல்லிய கசப்பும் தணியும். நல்லெண்ணெயின் அந்த இனிய வாசத்தில் பாதி பனைக்குச் சொந்தம் என்று சொன்னால் மிகையில்லை. விதையில் எண்ணெய் சுமார் பாதி. மாட்டுச் செக்கு அதை முழுவதும் எடுக்காது. பிண்ணாக்கில் தங்கும் மிச்சம் உழவு மாட்டுக்கும் கறவைக்கும் போகும். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழி இந்த எண்ணெயை நம்பிப் பிறந்தது.

கருப்பட்டியும் பருத்தியும் விற்று வளர்ந்த அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர் வணிகர்களின் கைக்கு 20ஆம் நூற்றாண்டில் எண்ணெயும் வந்தது. ரோட்டரி, எக்ஸ்பெல்லர் என்ற எண்ணெய் ஆட்டும் எந்திரங்கள் வந்த பிறகு எள் கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போய், டின்னில் அடைபட்டுத் திரும்பியது. விருதுநகர் மார்க்கெட்டில் 15 கிலோ டின் என்ன விலை என்பது நாளிதழ்களின் நிலையான செய்தியானது. 1934இல் காந்தியும் ஜே.சி. குமரப்பாவும் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் செக்கைத் திருத்திக் காக்கப் பாடுபட்டது. வனஸ்பதியும் பிறகு ரேஷன் பாமாயிலும் வந்த வேகத்துக்கு அந்த முயற்சி ஈடுகொடுக்கவில்லை.

கடந்த சில ஆண்டுகளில் மரச்செக்கு மீண்டும் கடைவீதிக்கு வந்திருக்கிறது. மாட்டின் இடத்தில் மோட்டார், கல்லுரலின் இடத்தில் வாகைக் கட்டை. சூடு ஏறாமல் மெதுவாக ஓடும்வரை எண்ணெயின் குணம் மாறுவதில்லை. பனை ஏறுவோர் குறைந்து கருப்பட்டி விலை ஏறியதால், சில செக்குகளில் அதற்குப் பதிலாக வெல்லம் விழுகிறது. கருப்பட்டி போட்டு ஆட்டியது என்று தனியே கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.