வீராங்கனை என்றொரு பட்டம்

வங்கதேசத்தின் சுதந்திர தின, வெற்றி தின மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் வாய்பாடு ஒன்று உண்டு. 30 லட்சம் தியாகிகளின் ரத்தத்தையும் 2 லட்சம் தாய்மார், சகோதரிகளின் மானத்தையும் விலையாகக் கொடுத்துப் பெற்ற விடுதலை என்பது அதன் சாரம். பள்ளிக் குழந்தைகளுக்கும் அது மனப்பாடம். இறந்தவர்களின் எண்ணிக்கை குறித்து ஆய்வாளர்களிடையே இன்றும் பெரும் வேறுபாடு இருக்கிறது. வல்லுறவுக்கு ஆளான பெண்களின் எண்ணிக்கையும் 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் வரை சொல்லப்படுகிறது. நான் இங்கே கேட்க வருவது எண்ணிக்கையைப் பற்றி அல்ல. ஆண்கள் ரத்தம் தந்தார்கள், பெண்கள் மானம் தந்தார்கள் என்ற அந்தப் பிரிவினையைப் பற்றி. உடல் சிதைக்கப்பட்ட ஒருத்தி இழந்தது மானத்தை என்று முடிவு செய்தது யார்? நம் நாளிதழ்கள் மிக அண்மைக்காலம் வரை 'கற்பழிப்பு' என்றே எழுதிவந்தன. அதனால் இந்த வாய்பாட்டின் தர்க்கம் நமக்குப் புதியதல்ல.

1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் தாக்குதலைத் தொடங்கியது. பல்கலைக்கழக விடுதிகளும் இந்துக் குடியிருப்புகளும் முதல் இலக்குகள். டிசம்பர் 16 அன்று ராணுவம் சரணடையும்வரை ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் கொலைகளும் தீவைப்பும் தொடர்ந்தன. சுமார் 1 கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். ராணுவ முகாம்களிலும் கைப்பற்றிய கட்டடங்களிலும் பெண்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டார்கள். வீட்டு முற்றத்திலேயே, குடும்பத்தார் கண்ணெதிரே வன்முறைக்கு ஆளானவர்களும் ஏராளம். ராணுவத்துக்கு வழிகாட்டிய உள்ளூர் ரஜாக்கார் படையினர் அதே ஊர்க்காரர்கள். போர் முடிந்த பிறகும் அந்தப் பெண்கள் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருந்தது.

விடுதலை கிடைத்த சில நாட்களிலேயே புதிய அரசு இந்தப் பெண்களுக்கு ஒரு பட்டம் கொடுத்தது: 'பீராங்கனா'. நம் வீராங்கனைதான். வேலு நாச்சியாருக்கு நாம் சூட்டுகிற, இன்று விளையாட்டுப் பக்கங்களில் தினமும் பார்க்கிற அதே சொல். ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அரசு இதை நல்லெண்ணத்தோடுதான் செய்தது என்று நம்புகிறேன். போரில் வல்லுறவுக்கு ஆளான பெண்களை ஒரு அரசு வெளிப்படையாகப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது அரிய நிகழ்வு. 1947 பிரிவினையின்போது அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் பட்டம் கொடுக்கும் முன் அந்தப் பெண்களில் ஒருத்தியிடமாவது கேட்டார்களா என்பது வேறு கேள்வி. வீராங்கனை என்று அழைப்பதே ஒருத்திக்கு என்ன நேர்ந்தது என்று ஊருக்கு அறிவிப்பதாகிவிட்டது. ஊர் வாய் சும்மா இருக்குமா? 'பீராங்கனா'வை 'பாராங்கனா' ஆக்கியது. தமிழிலும் அதே தூரம்தான். வீராங்கனை, வாராங்கனை. முதலெழுத்தில் ஒரு உயிர் மாறினால் போர்மகள் விலைமகள் ஆகிவிடுகிறாள்.

1972 தொடக்கத்தில் பெண்கள் மறுவாழ்வு வாரியம் அமைந்தது. அதன் வேலைகள் மூன்று: கருவைக் கலைப்பது, பிறந்த குழந்தையை அனுப்புவது, பெண்ணுக்குத் திருமணம் செய்துவைப்பது. தையல், தட்டச்சுப் பயிற்சிகளும் உண்டு. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டப்படி கருக்கலைப்பு குற்றம். அந்தத் தடையைச் சில மாதங்களுக்கு மட்டும் அரசு தளர்த்தியது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜெஃப்ரி டேவிஸ் உள்ளிட்ட வெளிநாட்டு மருத்துவர்கள் வந்தார்கள். பல பெண்களுக்குக் கர்ப்பம் முற்றியிருந்தது. கருக்கலைப்பு உரிமைக்காகக் குரல் கொடுக்கும் நாம் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். தேவைப்பட்டவளுக்கு அது உயிர் காத்த உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சில மாதங்களின் சலுகை பெண்ணின் உரிமையாகப் பிறக்கவில்லை, தேசத்தின் துப்புரவுப் பணியாகப் பிறந்தது. வேலை முடிந்ததும் பழைய சட்டம் திரும்பிவிட்டது.

பிறந்த குழந்தைகளுக்காக 1972லேயே கைவிடப்பட்ட குழந்தைகள் ஆணை வந்தது. அந்த ஜூலையில் 15 குழந்தைகள் கனடாவுக்குப் பறந்தார்கள். மற்ற நாடுகளுக்கும் போனார்கள். அசுத்த ரத்தம் இந்த நாட்டில் வேண்டாம் என்ற பொருளில் முஜிப் சொன்னதாக, மறுவாழ்வுப் பணியில் முன்னின்ற பேராசிரியை நீலிமா இப்ராஹிம் வழியாக அறிகிறோம். தாயை வீராங்கனை என்றும் பிள்ளையை அசுத்தம் என்றும் ஒரே வாயால் சொல்ல முடிந்திருக்கிறது. பிள்ளையைப் பிரிய மறுத்து அழுத தாய்களும் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளையைக் 'கைவிடப்பட்ட' குழந்தை என்று சட்டம் அழைத்தது.

திருமணத் திட்டம் நடந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மணக்க முன்வந்த சில ஆண்கள் அரசிடமே வரதட்சணை கேட்டார்கள். ஒருவருக்குப் புது ஜப்பானியக் கார் வேண்டும். இன்னொருவருக்குத் தன் அச்சேறாத கவிதைகளை அரசு வெளியிட வேண்டும். சூசன் பிரௌன்மில்லர் 1975இல் எழுதிய நூலில் இது பதிவாகியிருக்கிறது.

பிடிபட்ட பாகிஸ்தான் வீரர்கள் இந்தியாவுக்குக் கொண்டுபோகப்பட்டபோது, அவர்களோடு போகச் சில வங்கப் பெண்கள் ஆயத்தமானார்கள். செய்தி அறிந்த நீலிமா இப்ராஹிம் பதறிப்போய், சக பெண்களோடு சென்று பேசித் தடுக்கப் பார்த்தார். அவர்கள் மறுத்தார்கள். தங்களைச் சிதைத்த படையோடு போவதைவிடத் தங்கள் வீட்டு வாசலில் போய் நிற்பது அவர்களுக்கு அதிக பயமாக இருந்தது. அந்த வாசலில் என்ன கிடைக்கும் என்று அவர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள். பல குடும்பங்கள் மகளைப் பார்க்க மறுவாழ்வு இல்லத்துக்கு வந்தன, அழுதன, அழைத்துக்கொள்ளாமல் திரும்பிப் போயின. இந்தச் சந்திப்பு நீலிமாவை விடவில்லை. அந்தப் பெண்களின் குரலில் அவர் எழுதிய 'ஆமி பீராங்கனா போல்ச்சி' ('நான் வீராங்கனை பேசுகிறேன்') 1994இல்தான் வந்தது, இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து. இரண்டு தொகுதிகள் எழுதியவர் மூன்றாவதை எழுதப்போவதில்லை என்று பின்னர் அறிவித்தார். சமூகத்தின் பார்வை இன்னும் மாறவில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

மறுவாழ்வு இல்லங்களின் பதிவேடுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. பெண்களின் அடையாளத்தைக் காக்கவே அழித்ததாகச் சொல்லப்பட்டது. காரணம் உண்மையாகவே இருக்கலாம். விளைவு யாருக்குச் சாதகமாகிறது என்று பாருங்கள். போர்த் தோல்வியை விசாரிக்கப் பாகிஸ்தான் அமைத்த ஹமூதுர் ரஹ்மான் ஆணையத்தின் அறிக்கை நெடுங்காலம் மூடிவைக்கப்பட்டு 2000இல் வெளியே வந்தது. கொல்லப்பட்டவர்கள் சுமார் 26,000 பேர்தான் என்கிறது அது. 2 லட்சம் பெண்கள் என்பது பொய் என்றும் சொல்கிறது. அதற்கு ஆதாரம்? பிரிட்டனிலிருந்து வந்த கருக்கலைப்புக் குழுவுக்கு நூறு சொச்சம் கருக்கள்தான் கிடைத்தனவாம். கொல்லப்பட்டவள், தற்கொலை செய்துகொண்டவள், ஊர் மருத்துவச்சியிடம் போனவள், கருத்தரிக்காதவள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. குற்றத்தைக் கருப்பையில் எண்ணினார்கள்.

1975 ஆகஸ்டில் முஜிப் கொல்லப்பட்டதும் மறுவாழ்வுத் திட்டங்கள் சரிந்தன. பிறகு இருபதாண்டு மௌனம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மானுடவியலாளர் நயனிகா முகர்ஜி இதை ஏற்பதில்லை. கதைகளிலும் சினிமாவிலும் வீராங்கனை வந்துகொண்டேதான் இருந்தாள், பெரும்பாலும் பித்துப் பிடித்தவளாக. நயீபுதீன் அகமது எடுத்த புகழ்பெற்ற படத்தில் ஒரு பெண் கூந்தலாலும் இறுக மூடிய கைகளாலும் முகத்தை மறைத்திருக்கிறாள். கண்காட்சிதோறும் வைக்கப்பட்ட படம் அது. தேசம் நினைவுகூர விரும்பியது முகமில்லாத அந்தப் பெண்ணைத்தான். கஞ்சி காய்ச்சி, பிள்ளை வளர்த்து, வயலில் வேலை பார்த்து உயிரோடு இருந்தவளை அல்ல.

முகத்தோடு ஒருத்தி வந்தபோது என்ன ஆயிற்று? 1992 மார்ச் 26 அன்று, ஜஹனாரா இமாம் தலைமையில் டாக்காவின் சுஹ்ரவர்தி பூங்காவில் மக்கள் நீதிமன்றம் கூடியது. 1971இல் ராணுவம் சரணடைந்த அதே மைதானம். போரில் மகனை இழந்தவர் ஜஹனாரா. போர்க்குற்றவாளிகளைத் தண்டிக்கக் கோரிய அந்தக் கூட்டத்துக்கு குஷ்டியா மாவட்டத்திலிருந்து மூன்று ஏழைப் பெண்கள் அழைத்து வரப்பட்டார்கள். அவர்களின் படம் பத்திரிகைகளில் வந்தது. டாக்காவுக்கு அது வரலாற்றுத் தருணம். ஊர் திரும்பியவர்களுக்குக் காத்திருந்தது குத்தல் பேச்சு. அரங்கு அமைத்தவர்கள் நம்மைப் போன்றவர்கள், முற்போக்காளர்கள், பெண்ணுரிமை பேசியவர்கள். அதனால்தான் இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

சிற்பி ஃபிர்தௌசி பிரியபாஷினி, 1990களின் இறுதியில் தானாகவே முன்வந்து பேசினார். போரின்போது குல்னாவில் சணல் ஆலையில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். அங்கே ராணுவத்தினரின் வன்முறைக்கு ஆளானார். போருக்குப் பின் அவரைத் துரோகி என்றே பலர் ஏசினார்கள். உதிர்ந்த கிளைகளையும் வேர்களையும் யாரும் சீண்டாத மரத்துண்டுகளையும் பொறுக்கி அவர் சிற்பம் செய்தார். படித்த நகரத்துப் பெண்ணாக இருந்ததும், கூடவே நின்ற குடும்பமும் அவருக்குத் துணை. குஷ்டியா பெண்களுக்கு அந்தத் துணை இல்லை.

பட்டத்துக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. வங்கத்தில் வாழ்ந்த உருது பேசும் பிஹாரி முஸ்லிம்கள், ராணுவத்தின் ஆட்கள் என்று கருதப்பட்டு 1971இல் தாக்கப்பட்டார்கள். அவர்களின் பெண்களும் வல்லுறவுக்கு ஆளானார்கள், வங்காளிகளின் கையால். யாஸ்மின் சைகியா 2011இல் வெளியிட்ட ஆய்வு நூலில் அவர்களின் குரல்களும் இடம்பெற்றன. ராணுவம் செய்த இனப்படுகொலையின் பாரத்தை இது ஒரு இம்மியும் குறைக்காது. ஆனால் சிதைத்தவன் யார் என்பதைப் பொறுத்தே சிதைக்கப்பட்டவளை வீராங்கனை என்று அழைப்போம் என்றால், அந்தப் பட்டம் அவளுக்கானதல்ல, தேசத்துக்கானது.

2015 அக்டோபரில் வங்கதேச அரசு முதன்முறையாக 41 வீராங்கனைகளை 'விடுதலைப் போராளிகள்' என அரசிதழில் அறிவித்தது. போராளிகளுக்கான மாத உதவித்தொகையும் சலுகைகளும் இனி இவர்களுக்கும் உண்டு. மானம் இழந்தவள் என்ற இடத்திலிருந்து போராடியவள் என்ற இடத்துக்கு நகர்த்தியதை நான் வரவேற்கிறேன். அதற்குள் 44 ஆண்டுகள் ஓடிவிட்டன, பலர் இறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டுகளில் பட்டியல் மெல்ல நீண்டு சில நூறு பெயர்களை எட்டியது. மேடைகளில் இன்றும் 2 லட்சம் என்றே சொல்கிறார்கள். பட்டியலில் சேர விரும்பும் பெண் விண்ணப்பிக்க வேண்டும். விவரங்களை உள்ளூரில் சரிபார்ப்பார்கள். பதிவேடுகளை அரசே அழித்துவிட்ட நிலையில், எழுபது வயதைக் கடந்த ஒருத்தி தனக்கு நடந்ததை ஊரார் முன் மறுபடி சொல்லி, அது நடந்ததற்குச் சாட்சியும் தேடிக் கொண்டுவர வேண்டும்.