கல்லில் பதிந்த கிரிமியப் போர்

கிரிமியப் போரில் (1853–1856) ரஷ்யாவை எதிர்த்துப் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியும் சேர்ந்து நின்றன. அந்தப் போரைப் பிரிட்டன் மக்களின் கண்முன் கொண்டுவந்தவற்றுள் முக்கியமானவை வில்லியம் சிம்சனின் கல்லச்சுப் படங்கள்.

சிம்சன் 1823இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். அங்கேயே கல்லச்சுத் தொழில் பழகி, 1851இல் லண்டனின் டே அண்ட் சன் அச்சகத்தில் சேர்ந்தார். 1854இல் ரஷ்யாவின் செவஸ்தபோல் கோட்டை முற்றுகைக்கு உள்ளானபோது, கோல்னாகி என்னும் படப் பதிப்பகம் அவரைப் போர்முனைக்கு அனுப்பியது. நவம்பர் 15 அன்று அவர் பாலக்லாவா துறைமுகத்தை அடைந்தார். அதற்கு முந்தைய நாள்தான் பெரும்புயல் ஒன்று ஆங்கிலேயரின் சரக்குக் கப்பல்களை உடைத்து, குளிர்கால உடைகளைக் கடலில் மூழ்கடித்திருந்தது.

களத்தில் சிம்சன் நீர்வண்ண ஓவியங்கள் தீட்டி லண்டனுக்கு அனுப்பினார். அச்சகத்தின் கைவினைஞர்கள் அவற்றைப் பார்த்து, மெருகேற்றிய சுண்ணாம்புக் கல்மீது கொழுப்புச் சேர்ந்த கரிக்கோலால் வரைந்தார்கள். கல்லை நனைத்தால் வெற்றிடம் நீரைப் பிடித்துக்கொள்ளும். கோடுகள் நீரை ஒதுக்கிவிடும். பிறகு எண்ணெய் மையை உருட்டினால் அது கோடுகளில் மட்டுமே ஒட்டும். மண்ணுக்கோ வானுக்கோ தனிச் சாயல் வேண்டுமென்றால் அதற்கு வேறொரு கல் தேவை. சில பிரதிகளுக்குக் கையாலும் வண்ணம் தீட்டினார்கள். இவ்வாறு உருவான சுமார் 80 படங்களை 1855, 1856 ஆண்டுகளில் கோல்னாகி வெளியிட்டது.

அதே 1855இல் ரோஜர் ஃபென்டன் கிரிமியாவில் 300க்கும் மேற்பட்ட புகைப்படங்களை எடுத்தார். ஆனால் அக்காலக் கேமராவுக்கு முன் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். ஓடும் குதிரையையும் வெடிக்கும் குண்டையும் அதனால் பிடிக்க முடியவில்லை. புகைப்படத்தை அப்படியே செய்தித்தாளில் அச்சிடும் முறையும் அப்போது இல்லை. அசைவைக் காட்டும் வேலை ஓவியருடையதாகவே இருந்தது.

ஆனால் ஓவியரும் எல்லாவற்றையும் நேரில் கண்டவர் அல்லர். 1854 அக்டோபர் 25 அன்று சுமார் 670 ஆங்கிலேயக் குதிரை வீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த புகழ்பெற்ற தாக்குதல், சிம்சன் வந்து சேர்வதற்கு மூன்று வாரம் முன்பே முடிந்திருந்தது. தாக்குதல் நடந்த பள்ளத்தாக்கை அவர் சென்று பார்த்தார். நடந்ததைக் கேட்டறிந்து வரைந்தார். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கார்டிகன் பிரபுவிடம் ஓவியத்தைக் காட்டியபோது தவறு என்று அவர் மறுத்தார். திருத்தி எடுத்துச் சென்றதையும் ஏற்கவில்லை. படையின் முன்னே கார்டிகன் தெளிவாகத் தெரியும்படி வரைந்த மூன்றாவது ஓவியமே அவருடைய ஒப்புதலைப் பெற்றது. ஆகவே அந்தப் படத்தைக் கண்கண்ட சாட்சியமாகக் கொள்ள இயலாது. தளபதி காண விரும்பிய போர் அது.

சிம்சனின் சாட்சியம் வலுப்பெறுவது அவர் தினமும் கண்டவற்றை வரைந்த இடங்களில்தான். பாலக்லாவாவிலிருந்து செவஸ்தபோலுக்குச் செல்லும் பாதை மழையில் சேறாகிக் கிடக்க, பாரம் இழுக்கும் விலங்குகள் அதில் சிக்கித் தவிப்பதை ஒரு படம் காட்டுகிறது. துறைமுகத்தில் நோயுற்ற வீரர்களைப் படகேற்றுவதை இன்னொன்று காட்டுகிறது. உணவும் உடையும் போய்ச் சேராமல் ஒரு படை எப்படி நலிந்தது என்பதை இவை சொல்லாமல் சொல்கின்றன. போர் வரலாறு எழுதுவோர்க்கு வெற்றிக் காட்சிகளைவிட இவையே பெரிய செல்வம்.

1855 செப்டம்பரில் செவஸ்தபோல் வீழ்ந்தது. 'கிரிமிய சிம்சன்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 1857 எழுச்சி நடந்த இடங்களை வரைவதற்காக டே அண்ட் சன் அவரை 1859இல் இந்தியாவுக்கு அனுப்பியது. ஆனால் அச்சகம் நொடித்துப்போனதால் அந்தப் பெருந்திட்டம் முழுமையடையவில்லை. 50 படங்கள் கொண்ட தொகுப்பு மட்டும் 1867இல் வெளிவந்தது. பின்னர் அவர் லண்டன் பட வார இதழ் ஒன்றின் ஓவியராக அபிசீனியா, ஆப்கானிஸ்தான் போர்முனைகளுக்குச் சென்றார். அவர் இறந்த 1899ஆம் ஆண்டுக்குள் புகைப்படத்தையே தாளில் அச்சிடும் முறை பரவிவிட்டது; போர்ச் செய்தியைக் கல்லில் வரைந்து அச்சிட்ட காலமும் முடிவுக்கு வந்தது.