ஒரு யூரின் பாட்டிலும் டெல்லியின் பெயரும்

இன்னிக்குக் கதை ஒரு சின்ன பாட்டில்ல ஆரம்பிக்குது. லேப்ல யூரின் டெஸ்டுக்குக் கொடுப்பாங்களே, அது.

2008 ஜனவரி, சுவீடன். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 59 வயசுக்காரர். டெல்லியில ஆஸ்பத்திரியில் இருந்துட்டு சுவீடன் திரும்பியிருந்தார். அவரோட சிறுநீரைக் கல்ச்சர் போட்டுப் பார்த்தப்ப க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. அது வழக்கமான கிருமிதான். ஆனா, வேற எதுவும் கேட்காதப்போ டாக்டர்கள் கையில எடுக்கிற கார்பபெனெம் மருந்துகளையே அது உடைச்சுப் போட்டது.

உடைச்சது ஒரு என்சைம். அதுக்கான மரபணு பிளாஸ்மிட் என்ற குட்டி டிஎன்ஏ வளையத்தில் இருந்தது. ஒரு பாக்டீரியா அதை நகலெடுத்து இன்னொண்ணுக்குக் கொடுக்க முடியும், வேற இனமா இருந்தாலும். அதே நோயாளியின் மலத்தில் கிடைத்த ஈ.கோலையிலும் இந்த மரபணு இருந்தது. சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமே ஈ.கோலைதான். பயம் ஏன்னு இப்ப புரியுதா?

என்சைமுக்கு வைத்த பெயர் என்டிஎம்-1. நடுவுல இருக்கிற 'டி', டெல்லி. இந்த வகை என்சைம்களுக்கு ஊர்ப் பெயர் வைக்கிறது புதுசில்லை; இத்தாலியின் வெரோனா பெயரிலும் ஒண்ணு இருக்கு.

2010 ஆகஸ்ட்டில் லான்செட் குழும இதழில் ஒரு ஆய்வு வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. என்டிஎம்-1 உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37. உடனே இங்கே கொந்தளிப்பு. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதின்னுகூடச் சொன்னாங்க. பெயர் வைத்தது தப்புன்னு 2011-ல் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் மன்னிப்புக் கேட்டார்.

பெயர்ச் சண்டை ஓடின நேரத்திலும் கிருமி சும்மா இருக்கலை; நாடு நாடாப் போச்சு. 2012-ல் மருத்துவ அமைப்புகள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன: ஆன்டிபயாட்டிக்கைக் கட்டுப்படுத்துங்க. 2014 மார்ச்சில் ஷெட்யூல் எச்1 விதி அமலுக்கு வந்தது. கார்பபெனெம் உள்ளிட்ட மருந்துகளை விற்றால் மெடிக்கல் ஷாப் தனிப் பதிவேட்டில் எழுதணும்.

அதனால, யூரின் போகும்போது எரிச்சலா? ஃபிரண்டுக்கு எழுதின மாத்திரையை வாங்கிப் போடாதீங்க. டாக்டரைப் பாருங்க; கல்ச்சர் கேட்டா கொடுங்க. எந்த மருந்துக்குக் கிருமி சாகும்னு அந்த பாட்டில்தான் சொல்லும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.