சர்க்கரைனு நினைச்ச பிள்ளைங்க

எங்க மாட்டுக்கொட்டகை மாடக்குழியில ஒரு பழைய கலர் பாட்டில் இருந்துச்சு. அதுல கக்கூஸ் கழுவுற ஆசிட். ஊத்தி வச்சது நான்தான். நாலு வருசம் முன்னாடி பொங்கலுக்கு வந்த அக்கா பேரன், விளையாடிட்டு வந்த தாகத்துல ஒரு மடக்கு குடிச்சுட்டான். பதறிப்போய் உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வச்சோம். உயிர் தப்பிச்சான். ஒரு மாசம் கழிச்சு இட்லி இறங்கல, அப்புறம் கஞ்சியும் இறங்கல. உணவுக்குழாய் சுருங்கிடுச்சாம். இன்னைக்கும் அப்பப்போ ஆஸ்பத்திரியில குழாய் விட்டு விரிச்சுக்கிட்டு வர்றான்.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்தித் தேடிப் படிச்சேன். நூறு வருசம் முன்னாடி அமெரிக்காவுலயும் இதே கதைதான்.

அங்க விவசாயக் குடும்பங்கள் அடுப்புச் சாம்பல்ல வடிச்ச காரநீரையும் கொழுப்பையும் காய்ச்சி வீட்டுலயே சோப்பு செஞ்சாங்க. 19ஆம் நூற்றாண்டுல அந்தக் காரம் டப்பாவுல கடைக்கு வந்துச்சு. நாம சொல்ற காஸ்டிக் சோடா. சோப்புக்கும், சாக்கடை அடைப்பு எடுக்கவும் அடுப்படியில வச்சாங்க. பிள்ளைங்க சர்க்கரைனு வாயில போட்டாங்க, கரைச்சு வச்சதைப் பாலுன்னு குடிச்சாங்க. காரம் சதையைக் கரைச்சுக்கிட்டே உள்ள இறங்கும். புண் ஆறும்போது தழும்பு இறுகிப் பாதையே ஒடுங்கிடும். விஷத்துல தப்பின பிள்ளைங்க பட்டினியில செத்தாங்க.

செவாலியர் ஜாக்சன்னு ஒரு தொண்டை டாக்டர் (1865–1958). வாய் வழியா குழாய் விட்டுப் பார்க்கிறதுல கைதேர்ந்தவர். காரம் குடிச்ச ஏழு வயசுப் பொண்ணு ஒண்ணு, தண்ணிகூட முழுங்க முடியாம அவர்கிட்ட வந்துச்சு. அடைப்பை எடுத்துட்டுத் தண்ணி கொடுத்தார். திரும்பி வந்துடும்னு பயந்து துளித்துளியா குடிச்சுது. இறங்கிடுச்சு. டம்ளரைத் தள்ளி வச்சுட்டு அவர் கையில முத்தம் கொடுத்துச்சாம்.

வைத்தியம் மட்டும் போதாது, டப்பா மேல எழுதணும்னு வருசக்கணக்கா போராடினார். 1927 மார்ச் 4 அன்னைக்கு அதிபர் கூலிட்ஜ் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். 'விஷம்'னு போடணும், முதலுதவியும் எழுதணும்.

நான் வச்ச பாட்டில்லயும் லேபிள் இருந்துச்சு. கலர் கம்பெனி லேபிள்.

உங்க வீட்டுல ஆசிட், பினாயில் எதுவானாலும் வாங்கின டப்பாவுலயே, எட்டாத உயரத்துல வைங்க. யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. வெளிய வரும்போது தொண்டை மறுபடியும் வேகும். எலுமிச்சை, புளின்னு முறிவும் கொடுக்காதீங்க. பாட்டிலையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

அக்கா இன்னைக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல.