உதிரும் சிற்பம்

1969ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஈவா ஹெஸ் என்னும் பெண் சிற்பி ‘விரிந்த விரிவு’ என்றொரு படைப்பைச் செய்தார். சல்லாத் துணியில் ரப்பர்ப் பாலை அடுக்கடுக்காகப் பூசி உலர்த்திய திரைகள்; அவற்றைத் தாங்கிச் சுவரில் சாய்ந்து நிற்கும் கண்ணாடி இழைக் கம்பங்கள். உயரம் ஏறத்தாழ 3 மீட்டர். இடத்திற்கேற்ப விரிக்கலாம், சுருக்கலாம் என்பதே அதன் அமைப்பு. அன்று வெளிர்நிறமும் நெகிழ்ச்சியும் கொண்டிருந்த அத்திரைகள் இன்று பழுப்பேறி விறைத்துவிட்டன. காற்றும் ஒளியும் பட ரப்பர்ப் பால் முதலில் மஞ்சளிக்கும். பின்னர்க் கருத்து, இறுகி, நொறுங்கும்.

ஹெஸ் 1936இல் ஹாம்பர்க்கில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி 1938இல் குழந்தைகளை ஏற்றிச் சென்ற ரயிலில் ஹாலந்துக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு குடும்பத்தோடு நியூயார்க் சேர்ந்தார். 1946இல் தாய் தற்கொலை செய்துகொண்டார். ஓவியராக இருந்தவரைச் சிற்பத்தின்பால் திருப்பியது, 1964-65இல் அவர் தங்கிப் பணிசெய்த ஜெர்மானிய நெசவாலை ஒன்று. கைவிடப்பட்ட அவ்வாலையில் கிடந்த கயிறுகளும் பொறித்துண்டுகளும் அவர் கைக்கு வந்தன. 1970 மே 29இல், 34ஆம் அகவையில், மூளைக் கட்டியால் மறைந்தார்.

இந்த மரணத்தைச் சிற்பத்தின்மேல் ஏற்றி, நிலையாமையின் குறியீடென்று கூறிவிடுவது எளிது. பலரும் அவ்வாறே எழுதினர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் ரப்பர்ப் பாலைக் கையிலெடுத்தது 1967இல். நோய் வெளிப்பட்டதோ 1969இல். தோலை ஒத்த நெகிழ்வும், ஒளியை உள்வாங்கும் மென்மையுமே அவரை ஈர்த்தன என்பேன். அது கெடும் என்பதையும் அறிந்தே இருந்தார். விலை கொடுத்து வாங்குவோரை எண்ணிக் குற்றவுணர்வு கொள்வதாக 1970இல் வெளிவந்த நேர்காணலில் கூறியவர், அதே மூச்சில் கலை நிலைக்கத்தான் வேண்டுமா என்ற பொருள்படவும் பேசினார். இவ்விரு மனநிலையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைத் துறவியாக்குவது (நம் திறனாய்வாளரும் கவிஞர்களுக்கு இதைச் செய்வதுண்டு) நேர்மையன்று.

பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்துவைத்தால் என்ன என்று கேட்கலாம். ஏடு செல்லரித்தால் பெயர்த்தெழுதினோம், பாட்டுப் பிழைத்தது. ஹெஸ்ஸிடமோ ஏடும் பாட்டும் வேறல்ல. ஒவ்வொரு பூச்சிலும் தூரிகையின் தடம் உண்டு. வேறு கை பூசினால் அது வேறு சிற்பம்.

பல்லாண்டுகள் காட்சிக்கு வைக்க இயலாதிருந்த அப்படைப்பை, நியூயார்க் கூகன்ஹைம் அருங்காட்சியகம் நுணுகி ஆராய்ந்து, செப்பனிட்டு, 2022இல் மீண்டும் நிறுத்தியது. பழுப்பு அப்படியே இருந்தது.