முகம் தெரியாத பாட்டி



குடும்பத்தோடு நெருங்கிப் பழகியது வானொலியா, தொலைக்காட்சியா என்பது தலைப்பு. வானொலிதான்னு பேசச் சொல்லி என்னை நிறுத்திட்டு, எதிரே நாலு கேமராவை வச்சிருக்காங்க. (சிரிப்பு)

எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டாங்க. வானொலியிலே முகமே தெரியாதே, முகம் தெரியாத ஆளை எப்படி நம்புறது? நியாயமான கேள்வி. பதில் அமெரிக்காவிலே இருக்கு.

1934-ஆம் ஆண்டு. பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிக்கொண்டிருந்த நேரம். நியூயார்க்கிலே டபிள்யூ.ஓ.ஆர். என்றொரு வானொலி நிலையம். பகலிலே வீட்டிலிருக்கிற பெண்களுக்கு ஒரு நிகழ்ச்சி வேணும்னு நினைச்சாங்க. மார்த்தா டீன் என்று ஒரு பாட்டியைக் கற்பனையாக உருவாக்கினாங்க. அந்தப் பாட்டிக்குப் பிள்ளைகள், பேரன் பேத்திகள், பெரிய குடும்பம். பாட்டியாகப் பேச வந்தவர் மேரி மார்கரெட் மெக்பிரைட். மிஸ்ஸூரி மாநிலத்துப் பாரிஸ்காரர். பிரான்சு பாரிஸ் இல்லீங்க, இது சின்ன ஊர். பத்திரிகை நிருபர், வயது 34, கல்யாணமே ஆகலை! (சிரிப்பு)

சில வாரம் ஓடிச்சு. எந்தப் பேரனுக்கு எந்தப் பெயர்னு அவருக்கே குழம்பிப் போச்சு. ஒருநாள் ஒலிபரப்பு நடக்கும்போதே போட்டு உடைச்சிட்டாங்க. நான் பாட்டியும் இல்லை, எனக்குப் பிள்ளையும் இல்லை, நான் ஒரு நிருபர்; ஊரிலே பார்த்ததை இனிமே உங்ககிட்ட வந்து சொல்றேன்னு அறிவிச்சிட்டாங்க. முகம் தெரியாதுங்கிற தைரியத்திலே நிலையம் சொன்ன பொய்யை, முகம் தெரியாத ஒருத்தரே அம்பலப்படுத்தினார் ஐயா! (கைதட்டல்) வேலை போயிருக்கலாம். போகலை. கேட்டவங்க அவரை விடலை. மார்த்தா டீன் என்ற பெயர் மட்டும் நிலையத்துக்குச் சொந்தம். அவர் விலகிய பிறகு வேறொருவரை அதே பெயரிலே பேச வச்சாங்க.

சொந்தப் பெயரிலே பேச 1937-இல் சி.பி.எஸ். போனார். 1941-இல் என்.பி.சி. பகல் ஒரு மணி, 45 நிமிடம். எழுதி வச்சுப் படிக்கிறது கிடையாது. எலினோர் ரூஸ்வெல்ட் வந்தார், எழுத்தாளர்கள் வந்தார்கள். வருகிறவரைப் பற்றி முன்னாலேயே படிச்சு வச்சிருப்பார். ஆனா ஒலிவாங்கி முன்னாடி ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்பார். வந்தவர் மனசு திறந்திடுவார். பேச்சு வளவளன்னு இருக்குன்னு நகரத்து எழுத்தாளர்கள் சிலர் கேலி பண்ணினாங்க. அடுப்படியிலே இருக்கிறவளுக்குச் சமையல் குறிப்பு போதும்னு நினைச்ச காலம் அது. அவளும் நாட்டு நடப்பு கேட்பாள், புத்தகம் படிப்பாள்னு நம்பினவர் இவர். கேலி பண்ணினவங்களை விட அவளை இவருக்கு நல்லாத் தெரியும்னு நான் சொல்வேன்.

விளம்பரம் வாசிச்சுச் சம்பாதிச்சாரே என்பீர்கள். வாசிச்சார், நிறையவே வாசிச்சார். ஆனா தாமே பயன்படுத்திப் பார்த்து, பிடிச்ச பொருளுக்கு மட்டும்தான். சிகரெட்டுக்கும் மதுவுக்கும் இடமே கொடுக்கலை. அவர் சொன்னதை நம்பி வாங்கினாங்க. அதனாலே அந்த நிகழ்ச்சியிலே விளம்பரம் தர நிறுவனங்கள் காத்துக் கிடந்தன.

1944-இல் பத்தாம் ஆண்டு விழா. மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் நிரம்பி வழிஞ்சது. 1949-இல் பதினைந்தாம் ஆண்டு விழாவுக்கு அரங்கம் போதாதுன்னு யாங்கி ஸ்டேடியத்துக்கே போனாங்க. 75 ஆயிரம் பேர்னு கணக்குச் சொன்னாங்க. பந்து விளையாட்டுக்குக் கட்டின மைதானம், நடுவர் அவர்களே! பகல் ஒரு மணிக்குப் பேசுகிற ஒரு பெண்மணிக்காக நிறைஞ்சது. (பலத்த கைதட்டல்)

எதிரணிக்கு ஒரு தகவல். இதே அம்மையாரை 1948-இல் தொலைக்காட்சியிலும் உட்கார வச்சாங்க. அங்கே முகம் தெரிஞ்சது. நிகழ்ச்சி மூணே மாசத்திலே நின்னு போச்சு! (சிரிப்பு) அவர் தினசரி வானொலி நிகழ்ச்சியோ 1954 வரைக்கும் நடந்தது. அதுக்கப்புறமும் சும்மா இருக்கலை. நியூயார்க் மாநிலத்துக் கிராமப்புறத்திலே குடியேறி, உள்ளூர் நிலையம் ஒண்ணுக்காகத் தன் வீட்டு வரவேற்பறையிலிருந்தே பேசினார். 1976-இல் காலமானார்.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே, உட்கார்ந்துடறேன்.